புது வீட்டில் பொங்காத பால்

வைகாசி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. காற்று துளியும் இல்லை. பொழுது விடிந்ததும் விடியாததுமாக என் சட்டையின் முதுகுப்பக்கம் முழுவதும் நனைந்துவிட்டது. சிங்கப்பெருமாள் கோயிலில் என் மகன் செந்தில் கடன் போட்டு வாங்கியிருந்த அடுக்குமாடி வீட்டுக்கு, கைக்கொன்றாக இரண்டு எவர்சில்வர் தூக்குகளோடு முப்பத்தாறு படி ஏறினேன். ஒன்றில் புதுமனையில் பொங்க வைப்பதற்கான பசும்பால், இரண்டு லிட்டர். இன்னொன்றில் என் சொந்த உபயோகத்துக்கான ஓட்ஸ் பால், ஒன்றரை லிட்டர். இரண்டு தூக்கும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. எது எதில் இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் எடை எண்பத்தேழு கிலோ. பத்து கிலோ குறையுங்கள் என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு ஐந்து காபி குடிப்பவன் நான். காபியை விடச் சொன்னால் டாக்டரை விட்டுவிடுவேன். ஆகவே பாலை மட்டும் மாற்றுவதென்று முடிவு செய்து, செங்கல்பட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நாற்பது நிமிடம் நின்று டப்பா டப்பாவாகப் படித்தேன். காபியில் பாலுக்குப் பதில் கலக்கிற க்ரீமர் பவுடரின் முதுகைப் பார்த்தால், முதலில் சர்க்கரை, அடுத்தது எண்ணெய், பால் எங்கோ கடைசி வரிசையில். கணக்கு போட்டிருப்பதும் ஒரு ஸ்பூனுக்கு. (நான் போடுவது மூன்று.) பாதாம் பாலில் பாதாமைவிடச் சர்க்கரை அதிகம். கடைசியில் தேறியது, சர்க்கரை சேர்க்காத ஓட்ஸ் பால். விலையைப் பார்த்ததும் அதுவும் தேறவில்லை. ஓட்ஸ் பாக்கெட் ஒன்று வாங்கி வந்து, ஊற வைத்து, மிக்சியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன்.

என் மனைவி சரோஜா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி கீது. இத்தக் குடிக்கிறதுக்கு நீங்க குண்டாவே இருந்துட்டுப் போங்க."

விசேஷ வீட்டில் எப்படியும் ஐந்தாறு காபி கையில் திணிப்பார்கள் என்பதால்தான் சொந்தப் பாலோடு போனேன். ஒரு தூக்கைப் பூஜைச் சாமான்களோடு வைத்தேன். மற்றதைப் பால்கனியில் அடுப்பு போட்டிருந்த சமையல்காரரிடம் கொடுத்து, "இதுல எனக்குக் காபி போடுங்க" என்றேன். வந்தது. குடித்தேன். அமிர்தம். இவ்வளவு நாள் அரைத்ததில் இன்றுதான் பக்குவம் வந்திருக்கிறது என்று நினைத்து, இன்னொன்று வாங்கிக் குடித்தேன். பெருந்தன்மை பொங்கிவிட்டது. சம்பந்தி உட்பட ஒன்பது பெரியவர்களுக்கு அதே பாலில் காபி போடச் சொல்லி, க்ரீமரின் தீமைகளையும் ஓட்ஸின் மேன்மையையும் இருபது நிமிடம் விளக்கினேன்.

"பசும்பால் மாதிரியே கீதுங்க" என்றார் சம்பந்தி, நாக்கைச் சப்புக்கொட்டி.

"அதுதான் ரகசியம்" என்றேன் நான்.

ஏழு மணிக்குப் பால் காய்ச்ச உட்கார்ந்தார்கள். நல்ல நேரம் ஏழரை வரைக்கும்தான். சம்பந்தியம்மா சீராகக் கொண்டுவந்த புது வெண்கலப் பானையில் பாலை ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தார். மருமகள் கவிதா கண்ணை மூடிக் கும்பிட்டாள். எல்லோரும் பானையின் விளிம்பையே பார்த்தோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. பால் எழும்பவில்லை. பத்து நிமிடத்தில் நடுவில் ஒரு குமிழி மெதுவாக எழுந்து, 'பொளக்' என்று உடைந்தது. சம்பந்தியம்மா கரண்டியை விட்டுக் கிளறினார். கரண்டி நட்டபடி நின்றது.

"இன்னாது இது? கஞ்சியாட்டம் ஆவுது."

அடியில் தீய்ந்த வாடை வந்தது. கவிதாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பால் பொங்காத வூட்ல எம்பொண்ணு ராத்திரி படுக்க மாட்டா. சொல்ட்டேன்" என்றார் சம்பந்தியம்மா. கேஸ் சரியில்லை என்றார் ஒருவர். கண்ணு பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். நான் சுவரில் புது பெயின்டை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

சரோஜா கரண்டியை வாங்கி நக்கிப் பார்த்தாள். பிறகு, அறையில் இருந்த எல்லோரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தாள். "ஏங்க. அப்போ நீங்க ஊருக்கெல்லாம் குடுத்த காபி எந்தப் பாலு?"

சமையல்காரர் காலித் தூக்கைக் கவிழ்த்துக் காட்டினார்.

ஏழு பதின்மூன்றுக்குச் சம்பந்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினார். கடைக்கார அம்மா மூன்று நிறத்தில் பால் பாக்கெட் எடுத்துப் போட்டார். வெட்கக்கேடு, சொல்லித்தான் ஆகவேண்டும்: கை பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும் திருப்பிக் கொழுப்பு எவ்வளவு என்று படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னா பெரியவரே, பால் வாங்க வந்தியா, படிக்க வந்தியா?"

"சம்பந்தி, அது பொங்குமா, பொங்காதா? அத்த மட்டும் பாருங்க" என்றார் சம்பந்தி. மூச்சு வாங்கியது அவருக்கு. இருந்ததிலேயே கெட்டியான பாலில் நான்கு பாக்கெட்டை அள்ளிக்கொண்டு திரும்ப ஓடினோம்.

இன்னொரு புதுப் பாத்திரத்தில் ஊற்றினார்கள். ஏழு இருபத்தெட்டுக்குப் பால் பொங்கி, அடுப்பை அணைத்து, மேடையில் வழிந்து, தரைக்கும் வந்தது. கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். முதல் தம்ளரை என் கையில்தான் கொடுத்தாள். "ஏடு எடுக்காம குடிங்க மாமா." குடித்தேன்.

அன்று முதல் எங்கள் உறவில் எந்த விசேஷத்துக்கு அழைப்பு வந்தாலும், கூடவே ஒரு வரி வரும்: "மாமா, வெறுங்கையோட வந்தா போதும்." செந்தில் வேலை செய்யும் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் அவன் வீட்டு நிறுத்தத்துக்கே 'கஞ்சி வூடு' என்று பெயர். என் எடையில் குறைந்தது முந்நூறு கிராம். அதுவும் அந்த ஓட்டத்தில் குறைந்ததாக இருக்கலாம்.

தீய்ந்த பானை புது வீட்டில் இருக்கக் கூடாது என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டதால், வேறு பானை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பானை நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது, ஓட்ஸ் இருநூற்றுப் பத்து, காபியாகப் போன பசும்பால் நூற்றுப் பத்து, பாக்கெட் பால் நூற்று நாற்பத்து நான்கு. ஆக மொத்தம் ஐயாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு ரூபாய்.