மாஸ்டர் கொடுத்த பத்துச்சீட்டு

“ரசீது என்பது தமிழே இல்லை சார்” என்று சின்னராசா மாஸ்டர் வாயைத் திறந்ததில்தான் வினை ஆரம்பித்தது.

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் ஒரு துணிக்கடை மாடியில் நடந்த மக்கள் கல்லூரியில் அவர் தமிழாசிரியர். 1957ஆம் ஆண்டு தேயிலைத் தோட்ட மக்களுக்குச் சேவை செய்வது என்று கல்லூரி முடிவெடுத்து, எட்டுக் கூட்டம் போட்டு, எண்பது கோப்பை தேநீர் குடித்து, மூன்று இலக்குகளை வகுத்திருந்தது: குடிநீர், எழுத்தறிவு, காய்கறித் தோட்டம்.

“திட்டம் போட்டால் போதாது. மக்களிடம் சொல்ல வேண்டும். சொன்னதற்கு அத்தாட்சியும் வேண்டும்” என்றார் கல்லூரி அதிபர். “பூண்டுலோயாப் பக்கம் ஒரு துரைதான் சம்மதித்திருக்கிறார். அங்கே காரியம் கெட்டால் வேறு எந்தத் தோட்டத்துக்குள்ளும் நம்மை விட மாட்டார்கள்.”

அத்தாட்சிக்காக, மூன்று இலக்குகளையும் அச்சடித்த அறிவித்தலின் அடியில் கிழித்துக் கொடுக்க ஒரு துண்டு வைத்தார்கள். அதிபர் அதில் ‘ரசீது’ என்று எழுதியிருந்தார். மாஸ்டர் அதை அடித்துவிட்டு, கொட்டை எழுத்தில் ‘பற்றுச்சீட்டு’ என்று போட்டார்.

மறுவாரம் காலையில், தொழிலாளர்கள் பேர் கொடுத்து வேலைக்குப் பிரியும் பெரட்டுக் களத்தில் மாஸ்டர் எல்லோருக்கும் காகிதத்தைக் கொடுத்தார். பிறகு மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் ஏறி நின்று கணீரென்று சொன்னார்:

“ஒவ்வொருவரும் பற்றுச்சீட்டில் பெருவிரல் அடையாளம் இட்டுத் திருப்பித் தாருங்கள்!”

முன்வரிசையில் நின்ற அம்மாக்கண்ணு காகிதத்தைச் சற்று நேரம் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்தாள். மார்பில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, பத்துச்சீட்டுடி! தொரை எல்லாத்துக்கும் பத்துச்சீட்டு குடுத்துட்டாரு!”

களமே ஓலமிட்டது.

அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. தோட்டத்தில் பத்துச்சீட்டு என்றால் வேலை போய்விட்டது, பேர் வெட்டியாயிற்று, லயம் என்ற வரிசை வீட்டில் குடியிருக்கும் காம்பிராவைக் காலி பண்ணு என்று அர்த்தம். அவருடைய அப்பாவுக்கும் கந்தப்பளைத் தோட்டத்தில் ஒரு நாள் அதைக் கொடுத்தார்கள். கொட்டும் மழையில் அப்பா அம்மியைத் தலையில் சுமந்து வந்தபோது மாஸ்டருக்கு வயது பத்து. அகராதியை மனப்பாடம் செய்தவருக்கு அது மறந்துபோயிருந்தது.

“அழாதீர்கள்! இது கல்லூரியின் இலக்கு!” என்று கத்தினார்.

“எலக்கா? எத்தன பேர வெரட்டுறதுன்னு எலக்கு?” என்று கேட்டார் தொழிற்சங்கத் தலைவர் பழனியாண்டி.

“மூன்றே மூன்று!”

“மூணு லயமுமா?”

ஓலம் இரட்டித்தது. மாஸ்டர் பெட்டியிலிருந்து குதித்து, காகிதங்களைத் திரும்பப் பிடுங்கப் பார்த்தார்.

“சாட்சிய அழிக்கப் பாக்குறாரு, குடுத்துடாதீங்க!” என்று ஒரு குரல் வந்தது. பெண்கள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். ஒருவரும் கொழுந்து பறிக்கப் போகவில்லை.

துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“நான் பத்துச்சீட்டு குடுக்க இல்லே! யாரு குடுத்தது?”

அத்தனை விரல்களும் மாஸ்டரை நோக்கி நீண்டன.

“சார், இதுவும் பற்றுச்சீட்டுதான். ஆனால் அந்தப் பற்றுச்சீட்டு இல்லை” என்றார் மாஸ்டர். சொல்லி முடிக்கும்போதே செத்துப்போகலாம் போலிருந்தது.

பழனியாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே வந்தார். “வெரட்டலன்னா சந்தோசந்தாங்க தொரை. ஆனா வாயால சொன்னா பொம்பளைங்க நம்ப மாட்டாங்க. ஆறு மாசமா லயத்துக்குக் குடிதண்ணி வர்ற பீலி ஒடஞ்சு கெடக்கு. அதக் கட்டிக் குடுத்துடுங்க. வெரட்டுற ஆளுங்களுக்கு யாரும் பீலி கட்ட மாட்டாங்கல்ல?”

துரை மலையில் முற்றிக்கொண்டிருந்த கொழுந்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாளைக்கே கட்டும்! எல்லாம் மலைக்குப் போ!” பிறகு மாஸ்டரிடம் திரும்பினார். “நீ ரோட்டுக்குப் போ.”

கல்லூரியில் அதிபர் முழுக் கதையையும் கேட்டார். கோபிக்கவில்லை. அறிக்கையை எடுத்து, ‘முதலாம் இலக்கு நிறைவேறியது’ என்று எழுதி, கீழே மாஸ்டரின் பெயரையும் போட்டார். அதற்குப் பதில் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயா கடைத்தெருவில், ஜமால்தீன் கடை வாசலில் அம்மாக்கண்ணுவைக் கண்டதும் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

“என்னை மன்னிச்சிடுங்க அக்கா. நானும் லயத்துல பொறந்தவந்தான். ஒங்க எல்லாரையும் அழ வச்சிட்டேன்.”

“அட, விடுங்க மாஸ்டர். பீலியில தண்ணி சும்மா கொட்டுது.”

“இல்லக்கா, எம் மனசு கேக்கல. திருத்தி அடிச்சிருக்கோம். ஒங்களுக்குப் புரியிற மாதிரி நானே மெதுவா வாசிச்சுக் காட்டுறேன்” என்று பையிலிருந்து புதிய அறிவித்தலை எடுத்தார்.

அம்மாக்கண்ணு அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாள்.

“ரெண்டாவது வரியில எழுத்தறிவுக்கு ‘த்’ விட்டுப்போச்சுங்க” என்றாள்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். ‘எழுதறிவு’ என்றுதான் இருந்தது.

“அன்னைக்கும் மொத வரியில குடிதண்ணின்னு வாசிச்ச பொறகுதான், இத வச்சே பீலிய வாங்கிடலாம்னு நான் அழவே ஆரம்பிச்சேன்” என்று காகிதத்தை அவரிடமே நீட்டினாள். “எங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு தொரை நெனச்சாரு, சரி. நீங்களுமா மாஸ்டர்?”