மேலே இருந்து பார்த்தவர்

மனிதர்களில் 'மேலே இருந்து பார்த்தவர்' என்று ஒரு ரகம் உண்டு, ஐயா. அவரிடம் மட்டும் வழி கேட்டுவிடாதீர்கள். உங்கள் தெருவுக்கு உங்களுக்கே வழி சொல்வார். இத்தனை வருஷம் நீங்கள் போனது சுற்று வழி என்றும் சொல்வார்.

எங்கள் மண்ணூர்பேட்டை கோதண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்பேட்டையில் ஃபிட்டர். எண்பத்தெட்டாம் வருஷம் மே மாதம், ஆவடி மைதானத்தில் ஒரு சோப்புக் கம்பெனிக்காரன் விளம்பரத்துக்காக ராட்சத பலூன் ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் நெருப்பை ஊதி, கூடையில் ஆள் ஏற்றினான். குலுக்கலில் கோதண்டத்துக்குச் சீட்டு விழுந்தது. பறந்துபோகிற பலூன் என்று நினைக்காதீர்கள். மாட்டைக் கட்டுகிற மாதிரி நாலு பக்கமும் கயிறு போட்டிருந்தார்கள். பத்தே நிமிஷம். அதில் ஆறு நிமிஷம் அவர் கண்ணையே திறக்கவில்லை என்று கூடையில் பக்கத்தில் நின்ற உத்தமன் சொல்கிறான்.

இறங்கியவர் பழைய கோதண்டம் இல்லை. டீக்கடையில் பேச்சு எதுவானாலும், சாக்கடை அடைப்போ, மின்சார ரயில் தாமதமோ, உத்தமன் தங்கைக்கு வந்த வரனோ, தொண்டையைக் கனைத்து, கையை ஆகாயத்துக்கு நீட்டி, "மேலேர்ந்து பார்த்தவன் சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடுவார். மேலே போகாத நாம் என்ன பதில் சொல்வது? வாயை மூடிக்கொண்டு டீயைக் குடிப்போம்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. கூட வேலை பார்த்த தேவராஜ், ஆவடிக்கு அடுத்த பட்டாபிராம் பக்கம் மனை வாங்கக் கிளம்பினார். அவர் மனைவி அங்கம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை.

"அது ஏரி, அண்ணாத்தே. எங்கம்மா அங்க கோரை அறுத்துகீது. நானே முட்டித் தண்ணில நின்னுகீறேன்."

"இன்னாம்மா நீ! ஏரியாவது பூரியாவது! மேலேர்ந்து பார்த்தவன் சொல்றேன், பொட்டுத் தண்ணி இல்ல. மைதானமாட்டம் கீது. கண்ண மூடிகினு வாங்கு, தேவராஜ்!"

மே மாதத்தில் எந்த ஏரியில் ஐயா தண்ணீர் இருந்தது? கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கம்மா நடந்து பார்த்தவள்தானே, அவள் பேச்சு எடுபடுமா? கழுத்துச் சங்கிலி போயிற்று, வீடு வந்தது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. அங்கம்மாவின் அடுப்பு முழுகி, அரிசிப் பானை கூடத்தில் மிதந்தது. சும்மா சொல்லக்கூடாது, கோதண்டம் ஓடி வந்தார். தெருமுனையில் தண்ணீர் கெண்டைக்காலைத் தொட்டதும் முதல் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்று, நெற்றியில் கை வைத்து நாலு திசையும் பார்த்தார்.

"தண்ணி அந்தாண்ட வடியுது. பயப்படாதம்மா!"

இடுப்பளவு தண்ணீரில், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற அங்கம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"எறங்கி வந்து சொல்லு, அண்ணாத்தே."

அவர் இறங்கவில்லை.

இப்படியும் ஓர் ஆளா என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். நியாயம்தான். இதையெல்லாம் நான் எங்கிருந்து பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அதே மாடிதான். என் வேட்டியும் நனையவில்லை. கொஞ்சம் தள்ளி நிற்கிறேன், நீங்களும் ஏறி வாருங்கள், இடம் இருக்கிறது.