ஏணிப் பட்டறைக்கு வந்த மேற்பார்வை

எங்கள் மாநிலத்தில் முதலாளிமார், வேலைக்கு வைத்திருக்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி கட்ட வேண்டும். அந்தப் பணம் 'பொருளாதார வளர்ச்சி நிதி' என்ற கௌரவமான பெயரோடு தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கும். தொழிலாளிகளுக்குப் புதுசாக ஏதாவது கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் அதிலிருந்து கேட்டு வாங்கலாம். இவ்வளவு நல்ல ஏற்பாட்டைக் குறை சொல்ல நான் யார்?

போன வருஷம் ஒரு கம்பெனி அந்தப் பணத்தில் தன் மேலாளர்களுக்கு கோல்ஃப் கற்றுக்கொடுத்துவிட்டது. மாநிலமே கொதித்தது. "மேற்பார்வை வேணும்!" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். கத்தினால் கிடைத்துவிடும் என்று யார் கண்டது?

நான் வெண்டெல். ஆர்டிஸ் லிண்ட்குவிஸ்ட் அம்மாவின் ஏணிப் பட்டறையில் மேஸ்திரி. என்னோடு சேர்த்து எட்டுப் பேர். கையால் அடித்த ஏணி இனிமேல் கட்டுப்படியாகாது என்று அந்த அம்மா ஒரு புது இயந்திரம் கொண்டுவந்தார். நவம்பர் முதல் தேதிக்குள் நாங்கள் அதை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விற்றவன் ஒப்பந்தப்படி திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவான், பட்டறையையும் மூடவேண்டியதுதான். கற்றுக்கொடுக்க ஆள் வர நிதியில் எழுதிக் கேட்டார். உடனே அனுமதி வந்தது. மேற்பார்வை முடிந்ததும் பணம் வரும் என்று கீழே ஒரு வரி இருந்தது.

ஆகஸ்டில் கென்ட் ஓஸ்ட்பி என்ற அதிகாரி வந்தார். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த மனுஷர் என்று ஆர்டிஸம்மா காபி கொடுத்தார்.

"ஐயோ, வேண்டாம்மா. காபி வாங்கினா அது அன்பளிப்பு."

"வெறும் காபி சார்."

"பால் ஊத்தியிருக்கே!"

பிறகு வேலையை ஆரம்பித்தார். "பயிற்சி எப்படி நடக்குது?"

"இன்னும் ஆரம்பிக்கலை சார். நீங்க பாத்து முடிச்சாத்தானே பணம்?"

"ஆரம்பிக்காததை நான் எப்படிப் பாக்கறது?"

"அப்ப பணத்தைக் கொடுங்க, ஆரம்பிக்கிறோம்."

"பாக்காம எப்படிக் கொடுக்கறது?"

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனால் அவர், 'ஆரம்பிக்காத நிலை திருப்திகரம்' என்று எழுதிக்கொண்டார். போகும்போது எங்களிடம் ஒரு தாளை நீட்டினார். மேற்பார்வை எப்படி இருந்தது என்று நாங்கள் சொல்ல வேண்டுமாம்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாணச் சாப்பாடு வாயில் வைக்க விளங்காவிட்டாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்குவோம். முகத்துக்கு நேரே குறை சொன்னால் உயிர் போய்விடும். எட்டுப் பேரும் 'மிகத் திருப்தி' என்று போட்டோம். ஆர்டிஸம்மா 'மிக மிகத் திருப்தி' என்று கையால் எழுதிக் கொடுத்தார்.

தலைநகரத்தில் அசந்துபோய்விட்டார்களாம். இப்படி விரும்புகிறவர்களுக்கு ஒரு மேற்பார்வை எப்படிப் போதும்? செப்டம்பரில், கென்டை மேற்பார்வையிட ஒரு அம்மாள் வந்தாள். அவளுக்கும் மிகத் திருப்தி போட்டோம். அக்டோபரில் மூன்று பேர் வந்தார்கள்.

"வெண்டெல், மேற்பார்வை போதும்னு நீயாவது வாயைத் திறந்து சொல்லேன்ப்பா, தேதி நெருங்குதே!" என்றார் ஆர்டிஸம்மா. கண் கலங்கியிருந்தது.

"நீங்க சொல்லுங்களேன்."

"பாவம், குளிர்ல வந்திருக்காங்களே..."

அக்டோபர் கடைசி வாரம் கென்ட் ஒரு நல்ல செய்தியோடு வந்தார். "இந்தப் பகுதிக்கு எட்டு மேற்பார்வையாளர் வேணும். நிதியைப் பத்தி அனுபவம் இருக்கணும். சம்பளம் இங்க வாங்கறதைவிட ஒன்றரை மடங்கு."

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தோம். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடேயே கையெழுத்துப் போட்டோம்.

நவம்பர் முதல் தேதி லாரி வந்து இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனது. பட்டறைக் கோப்பை முடித்துவைக்கும் பொறுப்பு என்னிடமே வந்தது. 'நிதியினால் எட்டு வேலைகள் உருவாகியுள்ளன. பயிற்சி பெற ஆள் இல்லாததால் செலவு மிச்சம். ஒரு காசும் முறைகேடாகப் போகவில்லை' என்று எழுதினேன். அத்தனையும் உண்மை. தலைநகரத்தில் பாராட்டினார்கள்.

அந்தப் பாராட்டைப் பார்த்து மற்றப் பட்டறை ஆட்களும் மேற்பார்வைக்கு வந்து சேர்ந்தார்கள். வசந்தம் வந்தபோது எங்கள் சம்பளம் நின்றுபோனது. விசாரித்தால், சம்பளம் முதலாளிமார் வரியிலிருந்து வருகிறதாம். ஆளே இல்லாத முதலாளி எதற்கு வரி கட்டுவார்?

எட்டுப் பேரும் ஆர்டிஸம்மா வீட்டுக்குப் போனோம்.

"அம்மா, மறுபடி ஏதாவது தொழில் ஆரம்பிங்களேன். எங்க குடும்பம் நடக்கணும்."

"ஆரம்பிக்கலாம்ப்பா. வேலை செய்ய ஆள் வேணுமே, நீங்க வர்றீங்களா?"

நின்றுபோயிருந்தாலும் ஒன்றரை மடங்குச் சம்பளம் ஆயிற்றே, அதை விட்டுவிட்டு யார் ஏணி அடிப்பது?

"அது கஷ்டம்மா. ஆனா ஆள் கிடைச்சா சொல்லியனுப்புங்க. நாங்க வந்து நல்லாப் பாத்துக்கறோம்" என்று உறுதி கூறிவிட்டு வந்தோம்.