பால் குடித்த பூசணி

ஏப்ரல் மாதம். வாசலில் பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. எமில் திபோடோ சாப்பாட்டு மேசையில் ஒரு குத்து குத்திச் சபதம் போட்டான்.

"இந்த வருஷம் கண்காட்சியில பூசணிக்கான முதல் பரிசு, அந்த நீல ரிப்பன், எனக்குத்தான். கிடைக்கலன்னா, வேலியோரம் வெயில் விழுற என் பூசணி நிலம் பூரா உனக்கு. ஸ்ட்ராபெரி போட்டுக்கோ. பாத்தியும் நானே வெட்டித் தர்றேன்!"

அவன் மனைவி டெல்ஃபின் கல்லிலிருந்து ப்ளோய் ரொட்டியை எடுத்து அவன் தட்டில் போட்டாள். "சரி" என்றாள்.

அவ்வளவுதான். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் மறுபேச்சில்லாமல் 'சரி' சொன்னது அதுவே முதல் தடவை. ஊரில் எல்லார் மேலும் சந்தேகப்படும் எமிலுக்கு, தன் வீட்டு அடுப்பங்கரைப் பக்கம் மட்டும் மூக்கு வேலை செய்வதில்லை.

அவன் சந்தேகமெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் லூசியன் கிழவர் மேல்தான். காரணம் உண்டு. கிழவரின் ஆப்பிள் மரம் வேலிக்கு மேலே கிளையை நீட்டும். எமில் கூச்சமே இல்லாமல் பறித்துத் தின்பான். கிழவர் கேட்டதற்கு, "வேலி தாண்டி வந்தது வந்த பக்கத்துக்காரன் சொத்து" என்று ஊர் கேட்கச் சட்டம் பேசினான். அன்றிலிருந்து கிழவர் அவனைப் பார்த்தால் சிரிக்கிறார். கோபப்பட வேண்டியவன் சிரித்தால் என்ன அர்த்தம்?

கொடி படர்ந்தது. பூ விட்டது. எமில் எல்லாப் பிஞ்சையும் கிள்ளி எறிந்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தான். கொடியின் சத்தெல்லாம் அந்த ஒரே காய்க்கு. மக்கிய சாணம் போட்டான். வேரடியில் பாலும் ஊற்றினான். வீட்டில் கறுப்புக் காபிதான்.

காய் மனிதத் தலை அளவுக்கு வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"யாரோ என் கொடியை உறிஞ்சுறாங்க!" என்று கத்தினான் எமில்.

"கொடியை யாருப்பா உறிஞ்சுவாங்க? அது என்ன சர்பத்தா?" என்றாள் டெல்ஃபின்.

"அந்தக் கிழவன்தான். மருந்து கிருந்து வெச்சிருப்பான். நான் உருளைக்கிழங்கு வயலுக்குப் போனதும் நீ ஜன்னல்லேர்ந்து ஒரு கண்ணு வை."

"ரெண்டு கண்ணுமே வைக்கிறேன்" என்றாள் டெல்ஃபின்.

சாயங்காலமானால் அவளிடமிருந்து உளவுச் செய்தி வரும். "இன்னைக்கு லூசியன் வேலியோரமா வாளி தண்ணி கொண்டுபோனார்." "இன்னைக்கு ரெண்டு வாளி." எமில் பல்லைக் கடிப்பான்.

"எனக்கென்னவோ கொடிக்குப் பசின்னு தோணுது" என்பாள் அவள். "இன்னும் கொஞ்சம் பால் ஊத்திப் பாரேன்."

ஊற்றினான். கொடி வேலிப்பக்கம் மட்டும் பனைமட்டை மாதிரி தடித்தது. காய் அசையவில்லை. எமில் வேலிக்கு மேல் எக்கிப் பார்த்தான். அந்தப் பக்கம் குடை குடையாக ருபார்ப் இலைகள், புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் செடி. வேறொன்றும் தெரியவில்லை.

"ஒத்தைக் கிழவனுக்கு எதுக்கு இவ்வளவு ருபார்ப்?"

"நான்தான் தண்டு கேட்டேன், பை பலகாரம் சுட. நீ திங்கல?"

தின்றிருந்தான்.

செப்டம்பரில் முதல் உறைபனி வரும் என்று ரேடியோ சொன்னது. எமில் தன் காயைச் சாக்கால் மூடினான். அந்தப் பக்கம் கிழவர் ருபார்ப் மேல் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"டெல்ஃபின்! பனிக்கு ருபார்ப் பயப்படாதே. அதுக்கு எதுக்குப் போர்வை?"

"வயசானவர். தனக்குக் குளிருனா எல்லாத்துக்கும் குளிரும்னு நினைக்கிறார்."

"அது நம்ம போர்வை மாதிரி இருக்கே?"

"இந்த ஊர்ல எல்லார் வீட்டுப் போர்வையும் நீலக் கட்டம்தான், எமில். போய்ப் படு."

கண்காட்சி நாள். எமில் தன் காயை மடியில் வைத்துக்கொண்டு போனான். தராசு முள் ஏதோ மரியாதைக்குக் கொஞ்சம் அசைந்தது. அடுத்து, நான்கு பேர் சேர்ந்து ஒரு பூசணியை உருட்டி வந்தார்கள். நீலச் சாம்பல் நிறம், உடம்பெல்லாம் பரு, கன்றுக்குட்டி பருமன். தராசு முனகியது.

"முதல் பரிசு, டெல்ஃபின் திபோடோ!"

எமில் பாய்ந்து போய்த் தோலைத் தடவினான். இந்தப் பருவும் இந்த நீலமும் அவன் சேர்த்து வைத்த விதைக்கு மட்டும்தான் வரும்.

"இது என் கொடி! என் சாணம்! என் பால்!"

"உன் கொடிதான்" என்றாள் டெல்ஃபின், ரிப்பனை மார்பில் குத்திக்கொண்டே. "வேலிப் பலகைக்கு அடியில அதுவா நுழைஞ்சு போச்சு. ஜூலையிலேயே காய் பிடிச்சிடுச்சு. உன் காய்க்குக் கிடைச்சது மிச்சம் மீதிதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ருபார்ப் இலையில் தாராளமாக மறைக்கலாம்.

"என் கொடியில காய்ச்சது என் காய்!"

லூசியன் கிழவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இப்போதும் சிரித்தபடிதான் வந்தார்.

"எமில், என் ஆப்பிளைப் பத்திக் கேட்டப்போ என்ன சொன்னே?"



"வேலி தாண்டி வந்தது வந்த பக்கத்துக்காரன் சொத்து!" கூட்டத்தில் பாதிப்பேர் சொல்லிவிட்டார்கள்.

"என் பக்கம் வந்துச்சு, என்னுதாச்சு. நான் டெல்ஃபினுக்குக் குடுத்துட்டேன். வருஷம் பூரா எனக்கு பை சுட்டுத் தர்றதா பேச்சு."

"காவலுக்கு உன்னை வெச்சேனே!" என்றான் எமில். உண்மையாகவே வலித்தது அவனுக்கு. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"நல்லாத்தானே காத்தேன்? காய் மேல ஒரு கீறல் இருக்கா பாரு."

மறுநாள் காலை எமில் தன் பூசணிக் கொடியைத் தானே பிடுங்கி, ஸ்ட்ராபெரிக்குப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தான். தொப்பென்று காலடியில் ஒரு ஆப்பிள் விழுந்தது. சிவந்த, கனிந்த ஆப்பிள். குனிந்து எடுத்தான். இங்குமங்கும் பார்த்தான். பிறகு சட்டையில் துடைத்து, வேலிக்கு மேலே எக்கி, "லூசியன், உங்களோடது ஒண்ணு விழுந்துடுச்சு" என்று பவ்வியமாக நீட்டினான்.

அடுப்பங்கரை ஜன்னலிலிருந்து டெல்ஃபின் குரல் வந்தது:

"புல்லுல இன்னும் நாலு கிடக்கு, எமில். அதையும் பொறுக்கிக் குடுத்துடு. நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்!"