நிற்க மறுத்த பிரெஞ்சு டீசல்

"எல்லாரும் வண்டி ஓடணும்னு எங்கிட்ட வருவாங்க. நீங்க ஒருத்தர்தான் சார், நிக்கணும்னு வந்திருக்கீங்க" என்றார் மெக்கானிக் அப்ரார்.

"மெதுவாப் பேசுங்க பாய்" என்று தீனதயாளன் ஒர்க் ஷாப் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். "நாளைக்கு நிக்கோணும். அதுவும் என்ர மச்சான் கண்ணு முன்னால நிக்கோணும். திங்கக்கிழமைக்கு மேல நின்னு எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லீங்க."

விஷயம் இதுதான். தீனதயாளனுக்கு நாமக்கல்லில் லாரி டயர் ரீட்ரேடிங் பட்டறை, சேந்தமங்கலத்தில் வீடு. வீடு கட்டிக் குடிபோன வருடம் ஆசை ஆசையாக ஒரு பிரெஞ்சு டீசல் கார் வாங்கினார். இரண்டே வருடத்தில் அதைச் செய்த கம்பெனி, இந்த ஊரே வேண்டாம் சாமி என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஊர் சிரித்தது. மனைவி ரஞ்சிதாவின் அண்ணன் சுப்பையன் ஒரு பங்கு கூடவே சிரித்தார். "இனி ஒரு போல்ட்டு வேணும்னாலும் கப்பலேறிப் பாரிசுக்குத்தான் போகோணும் மாப்ள" என்று ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியே கேட்கச் சொன்னார்.

தீனதயாளன் கையிலிருந்த அப்பளத்தை நொறுக்கிவிட்டு எழுந்தார். "இந்த வண்டி ரோட்டுல ஒரே ஒரு தடவ நிக்கட்டும், அன்னிக்கே மாத்தறேன். அதுவரைக்கும் என்ர ஊட்டுக்குள்ள வேற காரு நுழையாது. இது என்ர வாக்கு!"

அது நடந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. வண்டி நிற்கவில்லை.

நிற்கவில்லை என்றால் மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஏ.சி. செத்துப் பதினெட்டு வருடம். ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி நான்கு கதவுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. யாருக்குக் காற்று வேண்டுமோ அவர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டீசல் முள் எப்போது பார்த்தாலும் பாதியில்தான் இருக்கும். ஆனால் இஞ்சின் இருக்கிறதே, அது மட்டும் சாவியைத் திருகிய மாத்திரத்தில் கிளம்பிவிடும். அந்தப் பெருமையைத் தீனதயாளன் பேசாத கல்யாண வீடு இல்லை, பேசாத டீக்கடை இல்லை.

போன மாதம்தான் வினை வந்தது. நண்பருக்குத் துணையாகச் சேலத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனவர், சும்மா இருக்காமல் கரும்பச்சை நிறத்தில் நின்ற ஓர் உயரமான புதுக் காரில் ஏறி உட்கார்ந்தார். அந்த சீட் அவர் முதுகுக்கு ஜில்லென்று காற்று விட்டது. ஐம்பத்தெட்டு வயதில் மனிதர் காதலில் விழுந்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் புக் பண்ணியும் விட்டார்.

"திங்கக்கிழமை சாயந்தரத்துக்குள்ள எடுத்துக்குங்க சார்" என்று ஷோரூம் பெண் ஷாலினி நேற்று போனில் சொல்லிவிட்டாள். "இந்தக் கலர்ல இதுதான் கடைசி வண்டி. வெயிட்டிங்ல ஒருத்தர் இருக்காரு."

வாக்கை மீறலாம் என்றால் வீட்டில் முடியாது. "எங்கூட்டுக்காரரு சொன்னாச் சொன்னதுதானுங்க" என்று ரஞ்சிதா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமூச்சு விடுவாள். அவள் தன்னை நினைத்து இவ்வளவு பெருமைப்படும்போது எந்த முகத்தோடு பின்வாங்குவது?

"இந்த இஞ்சினை நிறுத்தறது லேசுப்பட்ட காரியம் இல்ல சார்" என்றார் அப்ரார். "இதுல கம்ப்யூட்டர் இல்ல, சென்சார் இல்ல. கெட்டுப்போறதுக்குன்னு ஏதாவது இருந்தாத்தானே கெடும்? நீங்களே ஊரெல்லாம் சொன்னதுதான்."

"சொன்னனுங்க. இப்ப அனுபவிக்கறேன். வழியச் சொல்லுங்க."

"டீசல் இல்லைன்னா எந்த வண்டியும் நிக்கும். ரேடியேட்டர்ல தண்ணி இல்லைன்னா மலையேறும்போது சூடாகி நிக்கும். ஆனா என் கையால செய்ய மாட்டேன் சார். இருபது வருஷமா பார்த்த வண்டி."

தீனதயாளனுக்கு அது போதும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, "நாளைக்குக் கொல்லிமலை கோயிலுக்குப் போறோம். உங்கண்ணனையும் வரச்சொல்லு" என்று ரஞ்சிதாவிடம் அறிவித்தார்.

"நம்ம வண்டிலயேவா போறமுங்க?"

"பின்ன?"

"ரொம்ப நல்லதுங்க!" என்றாள் அவள். இத்தனை உற்சாகமாக அவள் அந்த வண்டியில் ஏறச் சம்மதித்து அவர் பார்த்ததில்லை.

மத்தியானம் அவள் தையல்கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் ரேடியேட்டர் தண்ணீர் மொத்தத்தையும் முருங்கை மரத்தடியில் இறக்கிவிட்டார். பிறகு ட்யூபை வாயில் வைத்து டீசலை உறிஞ்சி எடுத்தார். நாலு வாய் டீசலை விழுங்கிய பிறகு டேங்கில் மிஞ்சியது ஒரு லிட்டர் இருந்தால் அதிகம். மலையடிவாரமான காரவள்ளியைத் தாண்டாது. தப்பித்தவறித் தாண்டினாலும் தண்ணீர் இல்லாமல் பத்தாவது வளைவில் ஆவி பறக்கும். மனநிறைவோடு சாயங்காலம் பட்டறைக்குப் போய் மிச்ச வேலையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரஞ்சிதா புளிசாதம், தயிர்சாதம், இரண்டு கேன் தண்ணீர், ஒரு பெரிய ஜமக்காளம் எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றினாள்.

"ஒரு நாள் போயிட்டு வாரதுக்கு இத்தனை எதுக்கு?"

"வழியில எப்படியோ என்னமோ, நம்ம கையிலயாங்க இருக்குது?"

சுப்பையன் முன்சீட்டில் உட்கார்ந்தார். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் கனிஷ்கா, லீவுக்கு வந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டியபடி பின்னால் ஏறினாள். தீனதயாளன் சாவியைத் திருகினார். வண்டி ஒரே திருகில் கிளம்பியது.

"கெளம்பிருச்சே" என்றார் சுப்பையன்.

"கெளம்பிருச்சு" என்றார் தீனதயாளன்.

காரவள்ளி வந்தது. வண்டி நிற்கவில்லை. ஆனால் மலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சிப்பம் அரிசி, அட்டைப்பெட்டியில் புது வெட் கிரைண்டர். தீனதயாளனுக்கு மூளை மின்னியது. பாரம் ஏறினால் வண்டி சீக்கிரம் படுக்கும்!

"அம்மிணி, எங்க போகோணும்?"

"செம்மேட்டுக்குங்க. எம்பேரு பாவாயிங்க. மூட்டை முடிச்செல்லாம் இருக்குதே, நீங்க போங்க சாமி."

"அட, ஏறு அம்மிணி!"

ரஞ்சிதா தடுப்பாள் என்று பார்த்தால், "அரிசியையும் ஏத்துங்க, புண்ணியமாப் போகும்" என்று முந்திக்கொண்டாள். சுப்பையனோ இடுப்பு வலிக்காரர். அவரே இறங்கி கிரைண்டரைத் தூக்கி டிக்கியில் வைத்தார். இந்தக் குடும்பத்துக்கு இத்தனை இளகிய மனசா என்று தீனதயாளனே அசந்துபோனார்.

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வண்டி ஏறியது. எட்டாவது வளைவில் சுப்பையன் கழுத்தை நீட்டினார்.

"சூடு ஏறுதா மாப்ள?"

"இல்லீங்க மச்சான், முள்ளு அசையவே இல்ல."

பன்னிரண்டாவது வளைவில் ரஞ்சிதா கேட்டாள், "ஏனுங்க, ஏதாச்சும் சத்தம் வருதுங்களா?"

"இல்லியே."

"நல்லாக் கேட்டுப் பாருங்க."

பாவம், வண்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பதறுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். இருபதாவது வளைவில் வேண்டுமென்றே கியரை மாற்றாமல் இஞ்சினை அலறவிட்டார். அலறிக்கொண்டே அது இருபத்தொன்றுக்குப் போனது.

முப்பத்தோராவது வளைவில் பாவாயி மூக்கை உறிஞ்சினாள். "ஏனுங்க சாமி, வண்டிக்குள்ள பஜ்ஜி சுடறீங்களா?"

எல்லோரும் மோந்து பார்த்தார்கள். பஜ்ஜி வாசனைதான், சந்தேகமே இல்லை.

"எதாச்சும் ரோட்டோரக் கடையா இருக்கும்" என்று ரஞ்சிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் காட்டில் குரங்கைத் தவிரக் கடை வைக்க ஆளே கிடையாது.

தீனதயாளன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் இல்லாத இஞ்சின் வறுபடத் தொடங்கிவிட்டது! இன்னும் நாலு வளைவு, அதிகம் போனால் ஐந்து! நாளைக்குச் சாயந்தரம் முதுகுக்கு ஜில்லென்று காற்று! அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வண்டியோ முன்னைவிட வழுவழுவென்று ஏறியது.

நாற்பத்தாறாவது வளைவில் ஒரு கார் பானெட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நின்றது. தீனதயாளன் பிரேக்கை அழுத்தினார். அவர் புக் பண்ணிய அதே மாடல். நம்பர் பிளேட் கூட இன்னும் பளபளவென்று இருந்தது.

"என்னாச்சுங்க?"

"தெரியலீங்க" என்றார் அதன் சொந்தக்காரர், அழாத குறையாக. "வாங்கி ரெண்டு மாசங்கூட ஆகல. திரையில என்னமோ இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுது, அப்புறம் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. கம்பெனி ஆளு லேப்டாப் எடுத்துட்டு வந்தாத்தான் ஆகுமாம்." பிறகு அந்தப் பிரெஞ்சு வண்டியையும் அதற்குள் அடைந்திருந்த ஐந்து பேரையும் பார்த்தார். "இது எத்தனை வருஷத்து வண்டிங்க?"

"இருபத்தொன்பது" என்றார் தீனதயாளன்.

அந்த இடத்தில்தான் அவர் மனது புரண்டது. சோறும் இல்லாமல் தண்ணியும் இல்லாமல், ஒரு கிரைண்டரையும் சுமந்துகொண்டு, தனக்காக மலையேறுகிற வண்டி! அதைப் போய்க் கொல்லப் பார்த்தோமே! அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பதாவது வளைவிலிருந்து அவர் வேறு ஆள்.

"வாடா தங்கம்! வாடா என்ர ராசா!" என்று டேஷ்போர்டைத் தட்டினார். "அறுபது! அறுபத்தொண்ணு! விட்றாதே!"

பாவாயிக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "அறுபத்தஞ்சு சாமி! அறுபத்தாறு!" என்று அவளும் எண்ணினாள். சுப்பையனும் ரஞ்சிதாவும் மட்டும் என்னவோ அந்த எண்ணிக்கையில் சேரவில்லை. எழுபதாவது வளைவில் தீனதயாளன் ஹார்னை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை.

செம்மேட்டில் பாவாயியை இறக்கிவிட வண்டியை நிறுத்தியபோது, பஜ்ஜி வாசனைக்கே நாலு பேர் கூடிவிட்டார்கள். தீனதயாளன் இறங்கிப் பானெட்டைக் கட்டிக்கொண்டார். சுட்டது, பொருட்படுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வழியப் போனை எடுத்தார்.

"ஷாலினி அம்மிணி, தீனதயாளன் பேசறேன். அந்தப் பச்சை வண்டி எனக்கு வேண்டாமுங்க. இப்பவே கேன்சல் பண்ணிருங்க. வெயிட்டிங்ல இருக்கறவருக்கே குடுத்துருங்க."

"நல்லா யோசிச்சுட்டீங்களா சார்? அவருக்கு மாத்திட்டா அப்புறம் திருப்ப முடியாது."

"மாத்துங்க!"

"மாத்தியாச்சு சார்."

ரஞ்சிதா மெதுவாக அவர் பக்கத்தில் வந்தாள். "ஏனுங்க, என்ன பச்சை வண்டி?"

மனதில் இருந்ததையெல்லாம் அவர் கொட்டிவிட்டார். ஷோரூம், ஜில்லென்ற சீட், முருங்கை மரத்தடியில் இறக்கிய தண்ணீர், உறிஞ்சி எடுத்த டீசல், எல்லாம். "உங்களையெல்லாம் ஏமாத்தப் பார்த்தேன். இந்த வாயில்லா சீவனு எனக்குப் புத்தி சொல்லிருச்சு. வெறும் டேங்குல, வெறும் ரேடியேட்டர்ல எழுபது வளைவு! இது வண்டியில்ல, தெய்வம்! இனி என்ர உசுரு இருக்கற வரைக்கும் இந்த ஊட்டுக்குள்ள வேற காரு நுழையாது. இந்த மலை மேல நின்னு சொல்றேன், இது என்ர வாக்கு!"

கூட்டம் கை தட்டியது. சுப்பையன் அப்படியே பாவாயியின் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கேன்சலே பண்ணிட்டீங்களா?" என்றாள் ரஞ்சிதா.

"பண்ணிட்டேன் ரஞ்சிதா!"

அப்போதுதான் கனிஷ்கா காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள்.

"அப்பா, நேத்து சாயந்தரம் நீங்க பட்டறைக்குப் போனதும், இந்த வண்டி எப்படியாச்சும் நின்னு தொலையட்டும்னு அம்மா டீசல் டேங்குல அஞ்சு லிட்டர் கடலெண்ணெய ஊத்துச்சு, மாமா இஞ்சினுக்குள்ள ஊத்தறமுன்னு நெனச்சு ரேடியேட்டர்ல ஒரு குடம் தண்ணிய ஊத்துனாங்க!"