மாங்காய்த் தோல் உரித்த படலம்

வாழ்க துவாரகன்! சல்லி ஊர்க் கரையில் மூச்சுவிட மறுத்த படகு இயந்திரங்களையெல்லாம் முக்கி முனக வைத்து உயிர்ப்பித்த எண்ணெய்க்கரத்தோன், சாரம் உடுத்தினாலும் காற்சட்டை போட்டாலும் மான்கொம்புப் பிடியிட்ட வில்லுக்கத்தியை வலப்பக்க இடுப்பில் செருகாமல் வாசற்படி தாண்டாத விரதசீலன், வாழ்க! மடக்கினால் உள்ளங்கைக்குள் உறங்கி, விரித்தால் 'டக்' என்று விழித்தெழும் மூன்றங்குல அலகே, நீயும் வாழ்க! இந்தப் பெருங்கதையைச் சொல்லி முடிக்கும்வரை என் நாக்கு துருப்பிடிக்காமல் நீதான் காக்கவேண்டும். வேண்டுமானால் உனக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசிவிடுகிறேன்.

திரைகடல் இருபுறமும் முழங்கும் திருகோணமலை மாநகரிலே, கோட்டை வாசலுக்குச் சற்றே அப்பால், டச்சுக்குடாவின் உப்புக்காற்று ஓயாது வீசும் கடற்கரைக் கட்டின்மேல், சனிக்கிழமைதோறும் பின்னேரம் நாலரை மணிக்கு நால்வர் கூடும் பேரவை ஒன்றுண்டு. தாம் அன்றாடம் இடுப்பிலும் பையிலும் சுமக்கும் வில்லுக்கத்திகளை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வதன்றி வேறு நோக்கம் அறியாத அப்பேரவைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் இருந்தது. ஒவ்வொரு காலையும் அன்றைய கத்தியைப் படமெடுத்து அதில் போடுவார்கள். நேற்றைய கத்தியும் அதேதான் என்றாலும் போடுவார்கள்.

அவைக்குச் சட்டங்கள் இரண்டு. கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் சண்டை மூளும் என்பதால், உடையவர் தம் கத்தியை லேஞ்சி என்னும் கைக்குட்டையை விரித்து அதன்மேல் வைக்க, பார்ப்பவர் அங்கிருந்து எடுத்துப் பார்க்கவேண்டும் என்பது முதற்சட்டம். வாராவாரம் ஒரே அளவான மாங்காய்களைக் கத்திக்காரர் மூவரும் ஆளுக்கொன்றாக உரித்து, அறாத தோலை அதிக நீளத்துக்கு இழுத்தவரே அந்த வாரத்துக் கத்திவேந்தர் என்பது இரண்டாம் சட்டம். அளப்பவர் ஸைனுலாப்தீன். கழுத்தில் அளவுநாடா மாலையெனத் தவழும் அந்தத் தையல்காரர் கத்தரிக்கோல் குலத்தவர் ஆதலால், கத்திக்காரர் எவர் பக்கமும் சாயாதவர். மற்றவர்கள், எருமைக்கொம்புப் பிடியுடைய கத்தியை ஏந்திவரும் கிண்ணியாப் பஹ்மி, மாங்காய் விற்பதற்கு வந்து மனம் கத்தியில் சிக்கி அவை உறுப்பினரான யோகமலர், நம் துவாரகன். பதினொரு வாரங்களாகத் துவாரகன் ஒருமுறைகூட வென்றதில்லை.

தோல்வியைத் தாங்கலாம். துவாரகனால் தாங்கமுடியாதது வேறொன்று. பஹ்மி லேஞ்சியை விரித்தால் தலைகள் கூடும், யோகமலர் விரித்தால் கூடும், துவாரகன் விரிக்கும்போது மட்டும் எவருக்கேனும் தொலைபேசி வந்துவிடும். "ஒருக்காப் பார்க்கட்டா?" என்று அவன் கத்தியை இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. அது அவனுக்கு மிகவும் வலித்தது.

இந்நிலையில்தான் அந்தச் சனிக்கிழமை மதியம், அன்புவழிபுரத்துச் சிறுமனையில், குசினிக் கதவை மறித்து நின்றாள் அவன் இல்லக்கிழத்தி டிலக்சனா. வலக்கையில் பிடி கழன்ற வெங்காயக் கத்தியை உயர்த்திப் பிடித்து, பக்கத்து வீட்டுச் சேவலும் கூவ மறந்து நிற்க, அவள் உரைத்த பேருரை இது:

"இஞ்சாருங்கோ, பதினொரு கிழமையாய் அந்தக் கத்தியைக் கொண்டுபோய்க் காத்து வாங்கக் காட்டிப்போட்டு வாறியள். இண்டைக்கும் தோத்துப்போட்டு வந்தால் அது எனக்குக் குசினிக்கு வேணும். கிளிவெட்டியில இருந்து எங்கட அப்பா கொண்டந்து தந்த சாமான் அது. வெங்காயம் வெட்டினாத் தேஞ்சு போகாது. சரியோ?"

இயந்திரங்களை அடக்கிய வீரன், எதிரியின் கையையும் அதிலிருந்த உடைந்த ஆயுதத்தையும் மாறி மாறி நோக்கி, நெஞ்சு நிமிர்த்தி, எட்டுத்திக்கும் அதிர மறுமொழி பகர்ந்தான்:

"ஓம்."

மாமனார் அளித்த மான்கொம்புக் கத்தி! வெங்காயத்தின் முன் மண்டியிடுவதா! கருவாட்டின் செதிலோடு பொருதுவதா! சைக்கிளை மிதித்த பாதையெல்லாம் துவாரகனின் மனக்கண்ணில் அந்த அலகு தேங்காய்த் துருவலுக்கு நடுவே கிடந்து கண்ணீர் உகுத்தது. ஒரு தடவை பிரேக் பிடிக்கவும் மறந்துபோனான்.

போர் தொடங்கியது. முதலில் களம் புகுந்த யோகமலர் அரைவாசி உரிக்குமுன், ஒரு வாடிக்கையாளர் வந்து மாங்காய் விலை கேட்க, விலை சொன்ன வாயோடு கையும் அசைந்து தோல் அறுந்தது. "அது போகட்டும், வியாபாரம் முக்கியம்" என்று அவர் அறநெறியோடு களம் நீங்கினார். அடுத்துப் பஹ்மி. எருமைக்கொம்பன் சுழன்றான், பச்சைத்தோல் அருவி இறங்கியது, மாங்காயின் மூக்குவரை அறாமல் இறங்கியது. ஸைனுலாப்தீன் கண்ணாடியை மாட்டி, நாடாவை நீட்டி, "ஐம்பத்தொரு அங்குலம்" என்றார். ஒரு கால்சட்டைக்கு அதற்குமேல் வேண்டியதில்லை.

இப்போது எழுந்தான் துவாரகன். கத்தியை விரித்தான். 'டக்'. அந்த ஒலிகேட்டு அலைகள் அடங்கின என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆகவே சொல்லவில்லை. காம்படியில் அலகைப் பதித்து, மூச்சை அடக்கி, விரலளவு அகலத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கி, பருத்திப்பஞ்சு நூற்பவனைப் போல அவன் இழுக்க இழுக்க, தோல் முழங்காலைத் தாண்டியது, கணுக்காலைத் தொட்டது, மணலில் சுருண்டது. மூக்குக்கு இன்னும் மூன்று சுற்று இருக்கையில் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் காது கிழியச் சங்கூதிற்று. யோகமலர் துள்ளினார், பஹ்மி துள்ளினான், ஸைனுலாப்தீனின் கண்ணாடியே மூக்கிலிருந்து துள்ளிற்று. துவாரகன் துள்ளவில்லை. வெங்காயத்தை நினைத்துக்கொண்டான்.

முடிந்தது! அறவில்லை! கண்ணளவிலேயே எழுபது அங்குலம் தாண்டிய அந்தப் பசுங்கொடியை இருகையால் ஏந்தி, கடற்கரைக் கட்டின்மேல் நீட்டிக் கிடத்தினான். அளப்பதற்குமுன் கத்தி கையைவிட்டு லேஞ்சிக்குப் போவது அவையின் வழக்கம் ஆதலால், ஐந்தடி அப்பால் லேஞ்சியை விரித்து அதன்மேல் கத்தியை வைத்தான். வைத்த அக்கணத்தில், பஹ்மி குனிந்து நோக்கி, பதினொரு வாரங்களாக எவர் வாயிலிருந்தும் வராத அந்த மந்திரத்தை மொழிந்தான்.

"மச்சான், இந்தக் கத்திய ஒருக்காப் பார்க்கட்டா?"

அந்தோ! துவாரகனின் உள்ளம் நெய்யாய் உருகியது. அளவு எங்கே, வெற்றி எங்கே, வெங்காயம்தான் எங்கே! "பாரு மச்சான், வடிவாப் பாரு. உந்த ஆணியப் பார், பித்தளை. வில்லைக் கொஞ்சம் அமத்திப் பார்" என்று விரலால் ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டினான். யோகமலர் தலையை நீட்டினார். நாடாவை நீட்டவேண்டிய ஸைனுலாப்தீனும் தலையை நீட்டினார். நான்கு தலைகள் ஒரு லேஞ்சியின்மேல் கவிய, பிடியின் வரிகளைப் பற்றியும், அலகைத் தீட்டும் கல்லைப் பற்றியும், எண்ணெய் தேங்காயா நல்லெண்ணெயா என்பதைப் பற்றியும் எழுந்த ஆராய்ச்சியில் உலகம் மறைந்தது. துவாரகன் தன் வாழ்நாளில் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

அப்போது, கோட்டை வாசல் வழியே, புள்ளிப் பட்டாடை போர்த்து, நகரின் நடுவீதியில் பஸ்களையே ஒதுங்கிப்போகச் செய்யும் பரம்பரைச் செருக்கோடு, மெல்ல மெல்ல வந்தது ஒரு மான். கொம்பு இழந்த தன் முன்னோன் ஒருவனின் பழியைத் தீர்க்கவே அது வந்ததென்பர் சிலர். பசித்து வந்தது என்பதே என் கருத்து. கட்டின்மேல் கிடந்த பசுங்கொடியின் ஒரு முனையை உதட்டால் பற்றி, இடியப்பத்தை உறிஞ்சும் பிள்ளையைப் போல, அவசரமின்றி உள்ளே இழுத்தது.

"ஐயோ, மான்! சூ! சூ!" என்று யோகமலர் அலறித் திரும்பியபோது நாலு விரல் நீளமே வாய்க்கு வெளியே ஆடியது. எல்லோரும் பார்த்திருக்க, அதுவும் போயிற்று. மான் துவாரகனை ஒருமுறை நோக்கி, உரித்த மாங்காயையும் முகர்ந்து பார்த்து, புளிப்பு பிடிக்காமல் திரும்பி நடந்தது.

"கண்டனியள்தானே! எழுபதுக்கு மேல!" என்று துவாரகன் கதறினான்.

"நான் கண்டனான் மச்சான், உன்ட தோல்தான் நீளம்" என்று எதிரியே சாட்சி சொன்னான். பஹ்மியின் பெருந்தன்மை வாழ்க.

ஸைனுலாப்தீன் நாடாவை மறுபடியும் கழுத்திலிட்டு, போகின்ற மானை நெடுநேரம் நோக்கி, கனத்த நெஞ்சோடு தீர்ப்புரைத்தார்:

"தம்பி, உங்கட மனசு எனக்கு விளங்குது. ஆனா மானை அளக்க ஏலாது."

ஆயினும், கேளுங்கள் பெருமக்களே! எழுபது அங்குலம் வென்றும் தோற்று, தோற்றும் தன் கத்தி நால்வர் நடுவே கால்மணி நேரம் கொலுவிருந்த பேறு பெற்று, இருளுமுன் வீடு திரும்பிய அந்த மாவீரன், சொன்ன சொல் தவறாத செம்மல், மான்கொம்புக் கத்தியை லேஞ்சியில் கிடத்தி, இரு கைகளாலும் ஏந்தி, குசினி மேசைமேல் வைத்து, கைகட்டி நின்றான்.

டிலக்சனா அதை எடுத்து இரண்டு வெங்காயம் வெட்டிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் வெட்டுது என்றாள்.