கடைசி ஆள் எழுந்து போகும் வரை

அந்த நகரத்தில் யார் படம் எடுத்தாலும், பொதுமக்கள் கண்ணில் அது படுவதற்கு முன் அரசாங்கம் மூன்று விதமாக ஆராய்ந்தது. அசையும் படங்கள் அலுவலகத்தில் உள்ளடக்கப் பிரிவு என்று ஒன்று இருந்தது. படத்தில் என்னென்ன இருக்கக் கூடாது என்று அது பார்க்கும். ஒலிப் பிரிவு, எவ்வளவு சத்தம் இருக்கக் கூடாது என்று பார்க்கும். மூன்றாவது நீளப் பிரிவு. படம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைக் கண்ணால் கண்டு சான்றளிப்பது அதன் வேலை. ஒரு மேசை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு நீள ஆய்வாளர், இவ்வளவுதான் அந்தப் பிரிவு.

நீள ஆய்வாளர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த பெண்மணி. "படம் எப்படி?" என்று யாராவது கேட்டால், "நூற்றுப் பன்னிரண்டு நிமிஷம்" என்பாள். அதற்கு மேல் அபிப்பிராயம் சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது. வருஷக்கணக்கில் இதே வேலை பார்த்ததில், ஒருவர் பேச வாய் திறந்ததுமே அது எத்தனை நிமிஷத்தில் முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் அவளுக்குச் சிநேகிதிகள் குறைவு.

கணவர் துறைமுக ஊரில் பாரந்தூக்கிகளுக்குப் பொறுப்பாளர். மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறி வருவார். வந்த களைப்பில் தூங்குவார். எழுந்ததும் ரயிலுக்கு நேரமாகியிருக்கும். கல்யாணமான நாள் முதல் இருவரும் ஒரே இடத்தில் விழித்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால், கொஞ்சம் நீளமான படம் ஒன்றுக்குத்தான் காணும் என்று அவளுக்குத் தோன்றும்.

கேட்டுக் கேட்டு ஓய்ந்தபின் மாறுதல் உத்தரவு வந்தது. துறைமுக ஊர்க் கிளையில் நீள ஆய்வாளர் பதவி காலி. கையிலுள்ள கோப்புகள் அனைத்தையும் முடித்தபின் அவள் விடுவிக்கப்படலாம். மாதக் கடைசி நாள் ஐந்து மணிக்குள் இங்கிருந்து விடுவிக்கப்படாவிட்டால் அந்தப் பதவி தானாகவே காலாவதியாகிவிடும்.

கையில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. 'கதவு' என்று ஒரு சோதனைப் படம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

அப்போது நகரத்தைச் சோதனைப் படங்கள் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தன. படத்தில் கதை இருந்தால் கேவலம். கதாநாயகன் இருந்தால் அதைவிடக் கேவலம். ஒருவர் ஈரத் துணி காய்வதை, அது காய்கிற வரை காட்டியிருந்தார். மழைக்காலத்தில் எடுத்த படமாகையால் சற்று நீளம். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள், துணி மட்டும்தான் காய்ந்தது. எல்லாவற்றையும் அவள் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் நிமிஷம் எழுதினாள்.

'கதவு' படத்தை எடுத்தவரை இயக்குநர் என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பார். "நான் எதையும் இயக்கலை. நடக்க விட்டேன்" என்பார். படைப்பாளி என்றே எல்லோரும் அழைத்தார்கள்.

நகரத்தின் நடுவில் இருந்த குளிரூட்டிய சிறிய அரங்கத்தில் விளக்கு அணைந்தது. திரையில் ஒரு நடை. நடையின் முடிவில் பழுப்பு நிறத்தில் மூடிய கதவு. கதவுக்கு மேல் ஒரு குழல்விளக்கு. வேறொன்றும் இல்லை. வெகுநேரம் கழித்துக் கதவின் மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது நம்ம தியேட்டர் ஈ, மேடம்" என்றார் பின்னாலிருந்து ஆபரேட்டர். "சாப்பிடப் போகலையா?"

"படம் முடியட்டும்."

"நீங்க போனாத்தான் முடியும்."

படைப்பாளி பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்து விளக்கினார். "கடைசிப் பார்வையாளர் எழுந்து வெளியே போற கணத்துல படம் முடியுது. அதுவரைக்கும் ஓடும். அதான் மேடம் இதோட தத்துவம்."

"இப்ப நான் எழுந்து போனா?"

"அழகா முடிஞ்சிடும்."

"முடிஞ்சதை யார் பார்த்தது?"

இந்தக் கேள்வி படைப்பாளிக்கு மிகவும் பிடித்துவிட்டது. கண்ணை மூடி ரசித்தார். "இதை நான் பேட்டியில சொல்லிக்கலாமா?" என்று கேட்டார்.

அவள் துணை ஆணையருக்குத் தொலைபேசியில் பேசினாள். துணை ஆணையர் விதியை வாய்ப்பாடு போல ஒப்பித்தார். 'ஆய்வாளரானவர் படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நேரில் கண்டு, அதன் நீளத்தைச் சான்றளிக்கக் கடமைப்பட்டவராவார்.'

"சார், நான் போனா படம் முடியும், ஆனா முடிவை நான் பார்த்திருக்க மாட்டேன். நான் உட்கார்ந்தா பார்ப்பேன், ஆனா முடியாது."

"அப்ப உட்காருங்கம்மா."

"எவ்வளவு நேரம் சார்?"

"அதைச் சொல்றதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

சாயங்காலம் துணை ஆணையருக்கும் இரக்கம் வந்தது. சுற்றறிக்கை ஒன்று பிறந்தது. இரவு நேரங்களில் அரங்கத்தைப் பூட்டி முத்திரையிட வேண்டும். முத்திரை இருக்கும்வரை ஆய்வாளர் உள்ளேயே இருப்பதாகவும், படம் ஓடிக்கொண்டிருப்பதாகவும், ஆய்வாளர் அதைக் கவனித்துப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் கருதப்படும். சாப்பாட்டு வேளைக்கும் இன்னபிற இயற்கைத் தேவைகளுக்கும் சிறிய முத்திரை.

அன்றிரவு கணவர் போன் செய்தார்.

"எங்கே இருக்கே?"

"தியேட்டர்ல."

"குக்கர் சத்தம் கேக்குதே?"

"வீட்லதாங்க இருக்கேன். ஆனா தியேட்டர்ல இருக்கறதாக் கருதப்படுது."

"என்னோட இருக்கறதாவும் ஒரு உத்தரவு போடச் சொல்லேன்" என்றார் கணவர்.

நாட்கள் போயின. நீளப் பிரிவுக்கு வந்த தபால்களைப் பியூன் அரங்கத்துக்கே கொண்டுவந்தார். தபாலைத் தேடி எழுத்தர் வந்தார். எழுத்தரைத் தேடிக் கண்காணிப்பாளர் வந்தார். இவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று பார்க்கத் துணை ஆணையர் வந்தார். வந்தவர், மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். குளிர்ந்த காற்று நெற்றியில் பட்டது. அலுவலகத்தில் அவருடைய மின்விசிறி, சுற்றுவதாகக் கருதப்படும் நிலையில் இருந்தது.

"நிர்வாக வசதியை முன்னிட்டு" என்று தொடங்கினார். மறுநாள் அவருடைய மேசை திரைக்கு நேர் கீழே போடப்பட்டது. அலுவலகம் முழுவதும் இடம் பெயர்ந்தது.

அலுவலகம் போன இடத்துக்கு மனுதாரர்களும் வந்தார்கள். கல்யாண வீடியோவுக்குச் சான்று கேட்டு வந்த வீடியோக்காரர் ஒருவர். அந்தத் தம்பதிக்கு இப்போது இரண்டு குழந்தைகள். இந்த அலுவலகத்தில் வேலை பார்த்து இறந்துபோன கணவரின் ஓய்வூதியத்துக்காக அலையும் பெரியம்மா ஒருத்தி. இன்னும் பலர். உள்ளே நுழைந்ததும் அவர்கள் கண்ணில் பட்டது திரையிலிருந்த மூடிய கதவு. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கதவைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்தச் செய்தி நகரத்தின் ரசிகர்கள் காதுக்கு எட்டியது. ஒரு படத்தை ஓர் அலுவலகமே உட்கார்ந்து பார்க்கிறதாம்! அடுத்த நாளே கூட்டம். கோணிப் பையும் தடித்த கண்ணாடியுமாக வந்து, பின்வரிசைகளில் நிறைந்தார்கள். மறைவாக டிக்கெட் விற்கும் நிலைக்கு விஷயம் முற்றியது. ஒரு விமர்சகர், பெரியம்மாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஆளுங்க இருபது நிமிஷத்துல நெளிய ஆரம்பிச்சிடறாங்க. இந்தம்மா இமை கொட்டலை பாருங்க. என்ன பயிற்சி!" என்று நீள ஆய்வாளரிடம் வியந்தவர், குனிந்து, "அம்மா, இந்தக் கதவு உங்களுக்கு என்ன உணர்த்துது?" என்று கேட்டார்.

"உள்ளே ஆள் இருக்குன்னு தோணுது தம்பி."

"எப்படிச் சொல்றீங்க?"

"லைட்டு எரியுதே."

'எரியும் விளக்கின் அரசியல்' என்ற அவருடைய கட்டுரை பதினாறு பக்கம் வந்தது.

இந்த அமர்க்களத்தில் ஆடிப்போனவர் படைப்பாளி ஒருவர்தான். வெளிநாட்டு விழா ஒன்று படத்தின் பிரதியைக் கேட்டிருந்தது. சான்றிதழ் இல்லாமல் அனுப்ப முடியாது. அவரும் வரிசையில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து நீள ஆய்வாளரிடம் வந்து சேர்ந்தார்.

"மேடம், கடைசியில 'முற்றும்'னு ஒரு அட்டை போட்டுடறேன் மேடம்."

"ஆய்வுல இருக்கற படத்துல மாற்றம் செஞ்சா புது விண்ணப்பம் போடணும். நானும் முதல்லேர்ந்து பார்க்கணும்."

"அப்ப நீங்க தயவுசெஞ்சு எழுந்து போயிடுங்களேன்!"

"உங்க தத்துவம்?"

"தத்துவத்தை விடுங்க மேடம். விமான டிக்கெட் எடுத்தாச்சு."

துணை ஆணையர் தற்காலிகச் சான்றிதழ் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தார். அதில், நீளம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று ஓரத்தில் குறிக்கப்பட்டது. கோப்பு அப்படியே திறந்திருந்தது. வெளிநாட்டு விழாக்காரர்கள் வெற்றிடத்தைப் பார்த்தார்கள். ஓடும் நேரமே இல்லாத படம் என்று முடிவு செய்து, குறும்படப் பிரிவில் சேர்த்தார்கள். 'கதவு' முதல் பரிசு வாங்கியது. சுருங்கச் சொல்லும் கலையின் உச்சம் என்று நடுவர்கள் பாராட்டினார்கள்.

பரிசு கிடைத்ததும் ரசிகர்களுக்கு அந்தப் படம் பழசாகிவிட்டது. ஊரின் மறுகோடியில் திரையே இல்லாமல் ஒரு திரையிடல் நடக்கிறதென்று கேள்விப்பட்டு, கோணிப் பைகளோடு ஒரே சமயத்தில் எழுந்து போனார்கள். விமர்சகர் போகும்போது பெரியம்மாவையும் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் வரிசையை விட்டு நகரவில்லை.

மாதக் கடைசி நாள் கணவர் வந்தார். வீடு பூட்டியிருக்கவே நேராக அரங்கத்துக்கு வந்து, இருட்டில் தடவித் தடவி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் விழித்திருந்தார்கள். வெகுநேரம் கதவைப் பார்த்தார்கள்.

"இது திறக்குமா?"

"திறக்காது."

"சாயங்காலம் ஆறு மணி வண்டிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன்."

விதியைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பார்க்கணும்னுதானே இருக்கு? உட்காரணும்னு இருக்கா?"

"இல்லை."

"எங்க வேலையில பாரம் அந்தரத்துல தொங்கறப்ப முதுகு காட்ட மாட்டோம். அதைப் பார்த்துக்கிட்டே பின்னால நடப்போம். நீயும் திரையைப் பார்த்துக்கிட்டே பின்னால நடந்து வா. வாசலைத் தாண்டற நிமிஷம் படம் முடியும். முடியறதை நீ பார்த்திருப்பே."

கல்யாணமான பதினொரு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

துணை ஆணையர் யோசித்தார். விதியில் இதற்குத் தடை இல்லை. மற்றவர்கள் உள்ளே இருக்கும்வரை ஆய்வாளர் கடைசிப் பார்வையாளராக முடியாதாகையால், அலுவலகம் முழுவதும் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். பதவி வரிசைப்படி பின்னோக்கி நடத்தல் தொடங்கியது. பியூன், எழுத்தர், கண்காணிப்பாளர், துணை ஆணையர், எல்லோரும் திரையைப் பார்த்தபடி, நாற்காலிகளில் இடித்துக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். பார்ப்பவர்கள், ராஜாவுக்கு முதுகு காட்டாத ஏதோ ராஜசபை என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் நீள ஆய்வாளர் வந்தாள். கணவர் அவள் முழங்கையைப் பிடித்து, "இன்னும் ரெண்டு அடி... படி இருக்கு... வா, வா" என்று அழைத்துக்கொண்டு போனார்.

வாசலைத் தாண்டினாள். கைக்கடிகாரத்தைத் தயாராகப் பிடித்திருந்தாள்.

படம் ஓடிக்கொண்டே இருந்தது.

எட்டிப் பார்த்தாள். மனுதாரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே ஓடினாள். "எல்லாரும் எழுந்திரிங்க! ஆபீஸ் முடிஞ்சிடுச்சு!"

"மணி நாலுதானே ஆகுது?" என்றார் வீடியோக்காரர்.

"பெரியம்மா, நீங்களாவது எழுந்திரிங்க. நீங்க எழுந்தா எல்லாரும் எழுந்திடுவாங்க. இந்தக் கதவு திறக்காதும்மா. இது வெறும் படம்."

பெரியம்மா அவளைப் பரிவோடு பார்த்தாள். "எல்லா ஆபீஸ்லயும் இப்படித்தான் சொல்றாங்க. திறக்காது, வீட்டுக்குப் போங்கம்பாங்க. நாங்க அந்தப் பக்கம் போனதும் திறப்பாங்க."

"ஆமா" என்றது வரிசை.

"சத்தியமா சொல்றேன்மா, எனக்கு ஆறு மணிக்கு வண்டி!"

"எல்லாருக்கும் ஏதோ ஒரு வண்டி இருக்கும்மா" என்றாள் பெரியம்மா. திரும்பவும் கதவைப் பார்த்தாள்.

ஐந்து மணி அடித்தது. துறைமுக ஊர்ப் பதவி, யாருக்கும் தொந்தரவு தராமல், தானாகவே காலாவதியானது.

துணை ஆணையர் உள்ளே வந்து திரைக்குக் கீழே தம் மேசையில் அமர்ந்தார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "கால நீட்டிப்புக் கேட்டு ஒரு மனு கொடுங்கம்மா. அனுதாபத்தோட பரிசீலிக்கிறேன்."

"இப்பவே எழுதிக் கொடுத்துடறேன் சார்."

"இங்கே இத்தனை பேர் காத்திருக்காங்க. வரிசையில வாங்க."

அவள் மனுவை எழுதினாள். வரிசையின் கடைசிக்குப் போனாள். கணவரும் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னாலிருந்து பெரியம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"புதுசா? சாஞ்சு உட்காரும்மா. இப்பத் திறந்துடுவாங்க."

ஒருவர் வாயைத் திறந்தாலே பேச்சின் நீளத்தைச் சொல்லிவிடும் நீள ஆய்வாளர், 'இப்ப' என்பது எத்தனை நிமிஷம் என்று கணக்குப் பார்த்தாள். பிடிபடவில்லை. நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். பழுப்புக் கதவு மூடியிருந்தது. அதற்கு மேல் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏங்க" என்று கணவர் காதருகே சாய்ந்தாள். "உள்ளே யாரோ இருக்கற மாதிரிதாங்க தெரியுது."